ஷவருக்கு எந்த பிரேக்கர்? முதலில் கேபிளைப் பாருங்கள்

கிழக்கு லண்டனில் பழைய வரிசை வீடு ஒன்று வாங்கியிருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது. குளியலறையில் முன்பிருந்த, தண்ணீரை ஓட ஓடவே சூடாக்கித் தரும் 8.5 கிலோவாட் மின்சார ஷவர் பழுதாகிவிட்டது. தெரிந்த ஒருவர் வந்து அதே இடத்தில் புதிய 9.5 கிலோவாட் ஷவரை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். காலையில் ஒருவர் குளித்தால் ஒன்றுமில்லை. அடுத்தடுத்து மூன்று பேர் குளித்தால் மூன்றாமவர் தலையில் சோப்போடு நிற்கும்போது 32 ஆம்பியர் பிரேக்கர் விழுந்துவிடுகிறது. "32ஐக் கழற்றிவிட்டு 45 போடு, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் நண்பர். போடலாமா?

தம்பி, 45 போடாதீர்கள். 40கூட இப்போதைக்கு வேண்டாம். பிரேக்கரில் எழுதியிருக்கும் எண்ணை ஷவரின் எண் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கேபிளின் எண். சுவருக்குள்ளும் கூரைக்கு அடியிலும் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும் அந்தச் சாம்பல் நிறக் கேபிள் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்று பார்த்து, அதைத் தாண்டவிடாமல் காவல் நிற்பதுதான் பிரேக்கரின் வேலை. உங்கள் காவல்காரன் இப்போது தன் வேலையைச் சரியாகச் செய்கிறான். அவனை மாற்றுவதற்கு முன், அவன் எதைப் பார்த்து விழுகிறான் என்று நாம் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு. ஷவர் பெட்டியின் உள்மூடியிலோ பக்கத்திலோ ஒரு சிறு லேபிள் இருக்கும். பெரும்பாலான ஷவர்களில் இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள்: 240 வோல்ட்டில் 9.5 கிலோவாட், 230 வோல்ட்டில் 8.7 கிலோவாட். இரண்டும் ஒரே ஷவர்தான். பிரிட்டனின் அதிகாரபூர்வ மின்னழுத்தம் 1995இலிருந்து 230 வோல்ட். ஆனால் பழைய 240 வோல்ட் வலையமைப்பை யாரும் பிடுங்கி எறியவில்லை. 216இலிருந்து 253 வரை எங்கிருந்தாலும் விதிப்படி சரி. வீடுகளில் நான் மீட்டரை வைத்துப் பார்க்கும்போது பெரும்பாலும் 240ஐ ஒட்டித்தான் காட்டுகிறது. ஆகவே கணக்கை 240இல் போடுங்கள். 9500ஐ 240ஆல் வகுத்தால் 39.6 ஆம்பியர். உங்கள் பழைய 8.5 கிலோவாட் ஷவர் எடுத்தது 35.4 ஆம்பியர். கடையில் பக்கத்தில் இருந்திருக்கும் 10.5 கிலோவாட் ஷவர் 43.75 எடுக்கும். 10.8 என்றால் நேராக 45.

8.5 கிலோவாட் 35.4 ஆம்பியர் எடுத்ததென்றால் 32 ஆம்பியர் பிரேக்கர் இத்தனை ஆண்டுகள் எப்படிப் பேசாமல் இருந்தது என்ற கேள்வி உங்களுக்கு வர வேண்டும். விஷயமே அதில்தான் இருக்கிறது. வீட்டு பிரேக்கருக்குள் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று காந்தச் சுருள். ஷார்ட் ஆனால் கண் இமைப்பதற்குள் விழச் செய்வது அது. மற்றொன்று இரட்டை உலோகப் பட்டை. அதிக மின்னோட்டம் நெடுநேரம் போனால் மெல்லச் சூடாகி வளைந்து விழச் செய்வது. இந்தப் பட்டைக்குத் தரநிர்ணயம் இரண்டு எல்லைகளை வைத்திருக்கிறது. எழுதிய எண்ணின் 1.13 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழக் கூடாது. 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே தீர வேண்டும். 32 ஆம்பியருக்கு முதல் எல்லை 36.2, இரண்டாவது 46.4. பழைய ஷவரின் 35.4 முதல் எல்லைக்கு மயிரிழை கீழே இருந்தது, அதனால் விழவில்லை. அது சரியான அமைப்பு அல்ல. ஷவரின் மின்னோட்டத்தைவிட பிரேக்கரின் எண் குறையக் கூடாது என்பது பிரிட்டனின் வயரிங் விதிநூலான பிஎஸ் 7671இன் முதல் பாடம். தப்பித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

புதிய ஷவரின் 39.6 அந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் வந்து விழுகிறது. அந்த இடைவெளியில் பிரேக்கர் எப்போது விழும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. பட்டை எவ்வளவு சூடாகிறது என்பதைப் பொறுத்தது. முதல் ஆள் குளித்து முடிக்கும்போது பட்டை வெதுவெதுப்பாகிவிடும். ஆறுவதற்குள் இரண்டாமவர் உள்ளே போகிறார். பக்கத்து பிரேக்கரில் அடுப்பு ஓடினால் அந்தச் சூடும் சேர்கிறது. மூன்றாமவருக்கு வரும்போது வளைந்துவிடுகிறது. உங்கள் வீட்டில் நடப்பது அப்படியே இதுதான்.

இங்கே சிலர் இன்னொரு யோசனை சொல்வார்கள்: பி வகை பிரேக்கரை எடுத்துவிட்டு சி வகை போடு, அது அவ்வளவு சுலபமாக விழாது என்று. தவறான மருந்து. பிக்கும் சிக்கும் உள்ள வித்தியாசம் காந்தச் சுருளில் மட்டும்தான். பி வகை மூன்றிலிருந்து ஐந்து மடங்கு மின்னோட்டத்தில் உடனே விழும், சி வகை ஐந்திலிருந்து பத்து மடங்கில். மெல்லச் சூடாகும் பட்டை இரண்டிலும் ஒன்றுதான், ஆகவே உங்கள் மூன்றாவது ஆளுக்கு சி வகையால் ஒரு பயனும் இல்லை. மாறாக, எர்த் பழுது வந்தால் சி வகையின் சுருள் உடனே விழுவதற்கு இருமடங்கு மின்னோட்டம் பாய வேண்டியிருக்கும். ஷவர் வெறும் சூடேற்றும் கம்பி. மோட்டார் போலத் தொடக்கத்தில் குதிக்காது. அதற்கு பி வகையே போதும்.

இனிக் கேபிளுக்கு வருவோம். இதைத்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன்.

உங்கள் வீட்டில் இருப்பது அநேகமாக 6 எம்எம் ட்வின் அண்ட் எர்த், அதாவது 6 சதுர மில்லிமீட்டர் செம்பு கொண்ட இரண்டு மின்கம்பிகளும் ஓர் எர்த் கம்பியும் ஒரே உறைக்குள் போகும் கேபிள். பழைய 8.5 கிலோவாட் ஷவர்களுக்கு அதைத்தான் பெரும்பாலும் இழுத்தார்கள். 6 எம்எம் என்றால் எத்தனை ஆம்பியர் என்று கேட்டால் பலர் "47" என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். சுவரில் கிளிப் அடித்து, சுற்றிலும் காற்றுப் பட ஓடும் கேபிளுக்குத்தான் அந்த 47. அதே கேபிள் கூரை மரங்களுக்கு நடுவே, பிளாஸ்டர்போர்ட் கூரைமேல் கிடந்து, மேலே வீட்டுச் சூட்டைக் காக்கும் கண்ணாடிப் பஞ்சு 100 மில்லிமீட்டருக்கு மேற்படாமல் போர்த்தியிருந்தால் 34. பஞ்சு அதற்கு மேல் தடித்தால் 27. நாலாபுறமும் பஞ்சுக்குள் புதைந்துவிட்டால் 23.5, அதாவது சரிபாதி. 10 எம்எம் கேபிளுக்கு இதே வரிசையில் 64, 45, 36, 32.

இந்த எண்களை உங்கள் 39.6க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியே காற்றுப்பட ஓடும் 6 எம்எம் கேபிள் உங்கள் ஷவரைத் தாராளமாகத் தாங்கும். தடித்த பஞ்சின் அடியில் கிடந்தால் 10 எம்எம் கேபிள்கூடத் தாங்காது. ஆகவே "9.5 கிலோவாட்டுக்கு 10 எம்எம் போட்டால் போதும்" என்ற பேச்சும் அரைகுறைதான். கேபிள் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் எந்த அளவும் சரியான அளவல்ல.

லண்டனின் பழைய வீடுகளில் இது ஏன் பெரிய விஷயம் என்றால், கேபிள் போட்ட ஆளும் பஞ்சு போட்ட ஆளும் வேறு வேறு. முப்பது வருடத்துக்கு முன் ஒருவர் லாஃப்டில், அதாவது கூரைக்கு அடியிலுள்ள பரணில், கேபிளை இழுத்தபோது அங்கே பஞ்சு கொஞ்சம்தான் இருந்தது. அவர் கணக்கு அன்றைக்குச் சரி. பிறகு வீட்டுச் சூடு வெளியே போகாமலிருக்க 270 மில்லிமீட்டர் பஞ்சு போட வேண்டும் என்று அறிவுரை வந்தது. பஞ்சு போட வந்தவர்கள் கேபிளைப் பார்த்தும் அதன் மேலேயே விரித்துவிட்டுப் போனார்கள். குளிருக்கு வீட்டைப் போர்த்தியபோது கேபிளையும் சேர்த்துப் போர்த்திவிட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வீட்டில் நான் கண்டதை அப்படியே சொல்கிறேன். புகார், ஷவரில் தண்ணீர் சூடாவது குறைந்துவிட்டது என்பதுதான். பிரேக்கர் ஒருநாளும் விழவில்லை. ஏனென்றால் முன்பு யாரோ ஒருவர் 32ஐ எடுத்துவிட்டு 50 போட்டிருந்தார். லாஃப்டில் ஏறிப் பஞ்சை விலக்கினேன். சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய மேலுறை அந்த இடத்தில் பழுப்பேறி, பஞ்சு அதில் ஒட்டிக்கொண்டு வந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு லேசாக வளைத்ததும் உறை பிஸ்கட் போல நொறுங்கி, உள்ளே செம்பு தெரிந்தது. அதற்கு நேர்கீழே இருந்தது பிள்ளைகளின் படுக்கையறை. அந்த வீட்டுக்காரர் ஏணியின் அடியில் நின்று அந்தத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கும் அந்தத் துண்டுதான் காரணம்.

கேபிளுக்குள் என்ன நடக்கிறது என்பதையும் எண்ணில் சொல்லிவிடலாம். 6 எம்எம் கேபிளில் 40 ஆம்பியர் போகும்போது ஒவ்வொரு மீட்டர் நீளமும் பத்து வாட்டுக்கு மேல் சூட்டை உமிழும். காற்றில் இருந்தால் அது போய்விடும். பஞ்சுக்குள் அது எங்கே போகும்? மேலுறைப் பிளாஸ்டிக்கின் எல்லை 70 பாகை செல்சியஸ். சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், 35.4இலிருந்து 39.6க்குப் போனதிலேயே சூடு கால் பங்கு கூடிவிட்டது. பார்ப்பதற்கு ஒரே ஒரு கிலோவாட்தான்.

"ஷவர் பத்து நிமிடம்தானே ஓடுகிறது, அந்த எண்கள் எல்லாம் நாள் முழுக்க ஓடுவதற்கல்லவா" என்று கேட்பவர்கள் உண்டு. ஒருவர் மட்டும் குளிக்கும் வீட்டில் அதில் உண்மை இருக்கிறது. நம் வீடுகளில் அப்படியா? காலை ஏழு மணிக்கு வரிசையாக நான்கு பேர். பஞ்சுக்குள் ஏறிய சூடு இறங்க நேரமே கிடைப்பதில்லை. நான் அந்தச் சலுகையை எடுப்பதில்லை.

விவரம் தெரிந்த சிலர் எடுத்துவைக்கும் இன்னொரு வாதமும் உண்டு. ஷவர் நிலையான சுமை, அது தானாக அதிக மின்னோட்டம் எடுக்காது, ஆகவே பிரேக்கர் ஓரளவு பெரிதாக இருந்தாலும் ஆபத்தில்லை என்பார்கள். ஷவரைப் பற்றி அவர்கள் சொல்வது சரி. விதிநூலிலும் அதற்கு இடம் உண்டு. ஆனால் ஷவரின் ஆயுள் கேபிளின் ஆயுளைவிட மிகக் குறைவு. நாளைக்கு இது பழுதாகும்போது அடுத்தவர் பெட்டியைத் திறந்து 45 ஆம்பியர் பிரேக்கரைப் பார்ப்பார், "ஓகோ, 10.5 போடலாம்" என்று மாட்டிவிடுவார். நீங்கள் இன்று போடும் எண் அவருக்குக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு. உங்களுக்கே இப்போது நடந்ததும் இதன் இன்னொரு வடிவம்தானே: 8.5 இருந்த இடத்தில் 9.5, கேபிளை யாரும் பார்க்கவில்லை.

ஆகவே எண்கள் இந்த ஒழுங்கில் அமைய வேண்டும்: ஷவர் எடுக்கும் மின்னோட்டம், அதற்குச் சமமோ மேலோ பிரேக்கர், அந்த பிரேக்கருக்குச் சமமோ மேலோ, கிடக்கும் இடத்தில் கிடக்கும் நிலையில் கேபிளின் தாங்குதிறன். உங்கள் 39.6க்கு 40 ஆம்பியர் பி வகை சரி, கேபிள் வழி நெடுக எங்கேயும் 40க்குக் கீழே போகாமல் இருந்தால். 10.5 வாங்கியிருந்தால் 45 அல்லது 50, அதற்கேற்ற கேபிளோடு. இந்த மூன்றில் எது பொருந்தாவிட்டாலும் பிரேக்கரை ஏற்றி அதைச் சரிசெய்ய முடியாது. ஒன்றில் ஷவரைச் சிறிதாக்க வேண்டும், இல்லையென்றால் கேபிளைத் திருத்த வேண்டும்.

கேபிளைத் திருத்துவதென்றால் எப்போதும் புதிதாக இழுப்பதுதான் என்று பயப்படாதீர்கள். மேலுறை நல்ல நிலையில் இருந்து, நீளமும் கொஞ்சம் மிச்சமிருந்தால், பஞ்சுக்கு அடியில் கிடப்பதை மேலே தூக்கிக் கூரை மரத்தின் பக்கவாட்டில் கிளிப் அடித்தாலே 27 மறுபடி 47 ஆகிவிடும். அரைநாள் வேலை. பல வீடுகளில் அதோடு முடித்திருக்கிறேன். ஆனால் கேபிள் பஞ்சைத் துளைத்துக் கீழே இறங்கும் இடத்தை மறக்கக் கூடாது. 100 மில்லிமீட்டர் பஞ்சைக் கடந்தால்கூடத் தாங்குதிறன் 0.78 மடங்காகக் குறையும். 47 அங்கே 36.7தான். அந்த இடத்தில் பஞ்சைக் கொஞ்சம் ஒதுக்கிவிட வேண்டும், அல்லது 10 எம்எம் வேண்டும்.

உங்களிடம் இருப்பது 6ஆ 10ஆ என்று எப்படித் தெரிவது? மேலுறையில் அச்சிட்டிருந்தால் சுலபம். இல்லாவிட்டால் முனையில் தெரியும் எர்த் கம்பியைப் பார்ப்போம். 6 எம்எம் கேபிளில் எர்த் ஒற்றைக் கம்பி, 10 எம்எம்மில் முறுக்கிய ஏழு இழை. ஆனால் பிரேக்கர் பெட்டியின் மூடியை நீங்கள் திறந்து பார்க்க வேண்டாம். மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் மீட்டரிலிருந்து வரும் இரண்டு தடித்த வயர்களில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். அதைத் தொட்டால் அங்கே நம்மைக் காப்பாற்ற எந்த பிரேக்கரும் இல்லை. லாஃப்டில் ஏறிக் கேபிள் போகும் வழியைக் கண்ணால் பார்த்து, கைப்பேசியில் நாலு படம் எடுத்து வைத்தாலே போதும், வருகிற எலக்ட்ரீஷியனுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

கேபிளை அடுத்து எரிவது கூரையில் தொங்கும் இழுகயிற்று சுவிட்ச். 45 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், ஆனால் நான் கழற்றிய ஷவர் சுவிட்சுகளில் கருகிய முனை இல்லாதவை குறைவு. காரணம் இரண்டு. ஒன்று, திருகு சரியாக முறுக்கப்படாதது. தளர்ந்த முனையில் தடை கூடும், சூடாகும், ஆறும், மறுபடி தளரும். இதே கதை பிரேக்கரின் முனையிலும் நடக்கும். அங்கே அந்தச் சூடு இரட்டை உலோகப் பட்டைக்கு ஏறி, மின்னோட்டம் சரியாக இருக்கும்போதே பிரேக்கர் விழும். உங்கள் வீட்டில் இதுவும் சேர்ந்திருக்கலாம் என்பதால் வருகிறவரை முறுக்கு அளவிடும் ஸ்க்ரூடிரைவரால் முனைகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது காரணம் நம் பழக்கம். தண்ணீர் ஓடும்போதே கயிற்றை இழுத்து நிறுத்துவது. நாற்பது ஆம்பியரை அந்தச் சிறு தொடுமுனையில் வெட்டினால் ஒவ்வொரு முறையும் உள்ளே பொறி பறக்கும். முதலில் ஷவர் பொத்தானில் நிறுத்துங்கள், பிறகு கயிற்றை இழுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். குளியலறையில் மீன் நாற்றம் போல ஒரு வாடை வந்தால், அது சுவிட்சின் பிளாஸ்டிக் சூடாகும் வாடையாக இருக்கலாம். அன்றைக்கே பிரேக்கரை இறக்கி வைத்துவிட வேண்டும்.

இதுவரை சொன்னது எல்லாம் தீயிலிருந்து காப்பது. ஆளைக் காப்பது ஆர்சிடி, அதாவது மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் கருவி. ஈரக் காலோடு நிற்கும் ஒருவருக்கு 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்சிடிதான் துணை. 40 ஆம்பியர் பிரேக்கர் ஆளின் உடம்பில் பாயும் மின்சாரத்தை அறியவே அறியாது. 2008இலிருந்து குளியலறைக்குப் போகும் மின்சுற்றுகள் எல்லாவற்றுக்கும் இது விதி. உங்கள் பெட்டி அதற்கு முந்தையதாக இருந்தால் ஷவர் சுற்றில் ஆர்சிடி இல்லாமலேயே இருக்கலாம். பெட்டியில் டெஸ்ட் என்று எழுதிய பொத்தான் எங்காவது இருக்கிறதா, அழுத்தினால் ஷவரும் சேர்ந்து நிற்கிறதா என்று இன்றே பாருங்கள். நிற்கவில்லையென்றால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைச் சரிசெய்யுங்கள். பிரேக்கரும் ஆர்சிடியும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்சிபிஓ ஒன்றை அந்த இடத்தில் போடலாம். ஆனால் அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனி அதற்கென்று தருவதையே போட வேண்டும். வேறு பிராண்ட் பிரேக்கர் உள்ளே நுழைந்துவிடும், ஆனால் பின்னாலிருக்கும் செம்புப் பட்டையைச் சரியாகக் கவ்வாது.

மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் மெயின் பியூஸையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வரிசை வீடுகளில் அது 60 ஆம்பியராக இருப்பதுண்டு. ஷவருக்கு 40 போனால் அடுப்புக்கும் மற்றவற்றுக்கும் 20தான் மிச்சம். பின்னால் மின்சாரக் கார் வாங்கும் எண்ணம் இருந்தால் அதன் 7 கிலோவாட் சார்ஜர் தனியே 30 ஆம்பியர் கேட்கும். அந்த பியூஸ் உங்களுடையதல்ல, மின் வலையமைப்பு நிறுவனத்துடையது. லண்டனில் பெரும்பகுதிக்கு யூகே பவர் நெட்வொர்க்ஸ். அவர்கள்தான் மாற்ற வேண்டும்.

சட்டப் பக்கம் சுருக்கமாக: இங்கிலாந்தில் கட்டட விதிகளின் பார்ட் பி (Part P) 2005இலிருந்து வீட்டு மின் வேலைகளுக்குப் பொருந்தும். ஷவருக்குப் புதிய சுற்று இழுத்தாலும், பிரேக்கர் பெட்டியையே மாற்றினாலும் அறிவிக்க வேண்டும். என்ஐசிஇஐசி, நாபிட் போன்ற எலக்ட்ரீஷியன் பதிவு அமைப்புகளில் பதிவு செய்தவர் அதைத் தானே அறிவித்துச் சான்றிதழ் தருவார். சான்றிதழை வாங்காமல் காசைக் கொடுத்துவிடாதீர்கள், வீட்டை விற்கும்போது கேட்பார்கள்.

ஏன் இங்கே இவ்வளவு பெரிய ஷவர் தேவைப்படுகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். ஊரில் கிணற்றடியில் அள்ளி ஊற்றும் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும். இங்கே குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 5 பாகைக்கு இறங்கிவிடுகிறது. அதை 40க்கு ஏற்ற, 9.5 கிலோவாட் முழுதாக ஓடினாலும் நிமிடத்துக்கு நாலு லீட்டர்கூட முழுசாகக் கிடைக்காது. கோடையில் அதே ஷவர் ஆறு லீட்டர் தரும். ஆகவே ஜனவரியில் தண்ணீர் குறைவாக வருவதைப் பார்த்து ஷவர் கெட்டுவிட்டது என்றோ, பெரிய பிரேக்கர் போட்டால் சூடு கூடும் என்றோ நினைக்க வேண்டாம். பிரேக்கரை மாற்றினால் தண்ணீர் ஒரு பாகைகூடக் கூடுதலாகச் சூடாகாது.

எலக்ட்ரீஷியன் வரும் வரை என்ன செய்வது? ஷவரின் சுவிட்சை நடுநிலையில் வைத்துக் குளியுங்கள். பெரும்பாலான ஷவர்களுக்குள் இரண்டு சூடேற்றிகள் இருக்கும், நடுநிலையில் ஒன்றுதான் ஓடும். அப்போது போவது ஏறக்குறைய 20 ஆம்பியர். பஞ்சுக்குள் முழுதாகப் புதைந்த 6 எம்எம்கூட அதைத் தாங்கும், 32 ஆம்பியர் பிரேக்கரும் அசையாது. தண்ணீர் மெல்லியதாகத்தான் வரும். இரண்டு பேர் காலையிலும் இரண்டு பேர் இரவிலும் என்று பிரித்துக்கொண்டால் சமாளித்துவிடலாம். லாஃப்டில் எடுத்த படங்களை அனுப்புங்கள் தம்பி, கேபிள் எந்த நிலையில் கிடக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.